கம்பியூட்டருக்குச் சோடி சேராத ராம் போடலாமோ? வடிவாப் போடலாம், ஆனா இதுகளைப் பாத்துப் போடுங்கோ

ராம் எண்டது கம்பியூட்டர் வேலை செய்யேக்க தேவையானதுகளைத் தற்காலிகமா வைச்சிருக்கிற மெமரி, ஸ்டிக் மாதிரி ஸ்லொட்டில பூட்டுறது. கடைக்குப் போய் "அண்ணை, 4 ஜிபி ராம் ஒண்டு கிடக்கு, இன்னும் ஒண்டு போடோணும்" எண்டு கேட்டால் பாதிப் பேர் சொல்லுறது, ரெண்டும் ஒரே கொம்பனி, ஒரே சைஸ், ஒரே பஸ் ஸ்பீட்டா (ராமின்ர வேகம்) இருக்கோணும், இல்லாட்டிப் பாவிக்க ஏலாது, பழசைக் கழட்டி எறிஞ்சுபோட்டு புதுச்சோடி வாங்குங்கோ எண்டுதான். காசு இருக்கிறவைக்கு அது நல்ல யோசனை. ஆனா 2025 கடைசிப் பக்கம் ஏஐ டேட்டா சென்டர்காரர் மெமரியை அள்ளிக்கொண்டு போகத் தொடங்க, சிப் செய்யிற சம்சுங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரோன் மூண்டும் அந்தப் பக்கம் திரும்ப, ராம் விலை ஏறின ஏற்றம் கிளிநொச்சி, முல்லைத்தீவு எண்டு பாக்கேல்லை, இஞ்சயும் வந்து சேந்திட்டுது. அதால கையில கிடக்கிற ஒண்டோட வேற ஏதாவது ஒண்டைச் சேத்துப் போடுறதுதான் இப்ப கனபேருக்குக் கட்டுப்படியாகும்.

கொம்பனி, சைஸ், ஸ்பீட் மூண்டும் வேற வேறயா இருந்தாலும் அநேகமா ஓடும். தலைமுறை (டிடிஆர்3, டிடிஆர்4 எண்டு வாறது), உருவம், வோல்ட்டேஜ், மதர்போட்டின்ர (எல்லாத்தையும் பூட்டுற பெரிய போட்) எல்லை, இந்த நாலில ஒண்டு பிழைச்சாலும் ஓடாது. கடையில இந்த ரெண்டையும் குழப்பித்தான் சனத்தைப் பயப்படுத்தினம்.

முதல்ல ராம்தான் காணாதோ எண்டு பாருங்கோ. கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூண்டையும் சேத்து அமத்தினால் டாஸ்க் மனேஜர் வரும், அதில பெர்ஃபோமன்ஸ் எண்ட பக்கத்தில மெமரியைத் தட்டுங்கோ. தட்ட முதல் வழக்கமா செய்யிற வேலை எல்லாத்தையும் திறந்து வையுங்கோ, குரோமில ஒரு கட்டு டாப், பிள்ளையின்ர சூம் வகுப்பு, வேர்ட், கொமினிகேசன் கடை எண்டால் போட்டோஷொப்பும் பிரிண்டர் சொஃப்ட்வேரும். அப்பிடி வைச்சுப் பாக்கேக்க 85, 90 வீதத்துக்கு மேல நிண்டால் ராம் காணாதுதான். 50, 60இல நிண்டுகொண்டு மெசின் இழுபடுதெண்டால் ராம் போட்டு ஒரு பிரயோசனமும் இல்லை, உள்ள பழைய ஹாட் டிஸ்க் கிடக்கோ எண்டு பாருங்கோ, கிடந்தால் அந்தக் காசுக்கு எஸ்எஸ்டி (ஹாட் டிஸ்க்குக்குப் பதிலாப் பூட்டுற வேகமான டிஸ்க்) வாங்குங்கோ. என்னைக் கேட்டால் ஹாட் டிஸ்க்கில ஓடுற எந்த மெசினுக்கும் முதல் எஸ்எஸ்டி, பேந்துதான் ராம்.

இன்னொண்டு, பழைய மெசினுகளில 32 பிட் விண்டோஸ் அடிச்சுக் கிடக்கும். அதில நீங்கள் 16 ஜிபி பூட்டினாலும் 4 ஜிபிக்கு மேல அது எடுக்காது, அந்த 4இலயும் மூண்டே சொச்சம்தான் பாவிக்க விடும். செட்டிங்ஸில சிஸ்டம், அபவுட் எண்டு போனால் 32ஆ 64ஆ எண்டு கிடக்கும். 32 எண்டால் முதல்ல 64 பிட் விண்டோஸ் அடிக்கோணும்.

அதே மெமரிப் பக்கத்தில "ஸ்லொட்ஸ் யூஸ்ட்" எண்டு ஒரு வரி கிடக்கும், 2இல 1 பாவனையில எண்டு காட்டினால் ஒரு ஸ்லொட் சும்மா கிடக்கு. அதுக்குக் கீழ "ஃபோம் ஃபக்டர்". டிஐஎம்எம் எண்டால் டெஸ்க்டொப் நீட்டு ஸ்டிக், எஸ்ஓடிஐஎம்எம் எண்டால் லப்டொப்பின்ர கட்டைச் ஸ்டிக். "ரோ ஒஃப் சிப்ஸ்" எண்டு போட்டிருந்தால் ராம் மதர்போட்டிலயே ஈயம் வைச்சு ஒட்டினது, அதைக் கழட்ட ஏலாது. சில லப்டொப்பில ஒட்டினது ஒண்டும் அதோட வெறும் ஸ்லொட் ஒண்டும் இருக்கும், அப்பிடியானதுக்குச் சோடி சேராமப் போடுறதைத் தவிர வேற வழியே இல்லை, கொம்பனியே அப்பிடித்தான் செய்து விட்டிருக்கு. எல்பிடிடிஆர் எண்டு போட்ட மெல்லிய லப்டொப் எண்டால் அநேகமா ஸ்லொட்டே இராது, கடைக்குப் போய் மினக்கெடாதேங்கோ.

இனி ஸ்டிக்கர் வாசிக்கப் பழகோணும், இதுதான் முக்கியம். மெசினை ஓஃப் பண்ணி உள்ள கிடக்கிற ஸ்டிக்கைக் கழட்டி ரெண்டு பக்கமும் போனால படமெடுங்கோ. அதில இப்பிடி ஒண்டு கிடக்கும்: 4ஜிபி 1ஆர்×8 பிசி3எல்-12800எஸ். பிசி3 எண்டால் டிடிஆர்3. எல் எண்டால் குறைஞ்ச வோல்ட்டேஜ். 12800 எண்டது ஒரு செக்கனுக்கு எத்தினை எம்பி போகும் எண்ட கணக்கு, அதை 8ஆல பிரிச்சால் 1600, அதுதான் கடைக்காரர் சொல்லுற பஸ் ஸ்பீட். 10600 எண்டு இருந்தால் கிட்டத்தட்ட 1333. டிடிஆர்4 ஸ்டிக்கரில இந்தப் பிரிக்கிற வேலை அநேகமா இல்லை, பிசி4-2400, பிசி4-2666, பிசி4-3200 எண்டு நேராவே போட்டிருப்பினம். டிடிஆர்3இல கடைசி எழுத்து எஸ் எண்டால் லப்டொப், யூ எண்டால் டெஸ்க்டொப், ஆர் எண்டால் சேர்வர் (கொம்பனிகளில ஓடுற பெரிய மெசின்). 1ஆர், 2ஆர் எண்டது சிப்புகள் ஒரு கூட்டமா ரெண்டு கூட்டமா எண்டது, ஒண்டும் ரெண்டும் கலந்தாலும் சாதாரணமா ஓடும்.

தலைமுறை மாறிப் போட ஏலவே ஏலாது. டெஸ்க்டொப் டிடிஆர்3க்கு 240 பின் (கீழ இருக்கிற பொன்நிறப் பல்), டிடிஆர்4க்கும் டிடிஆர்5க்கும் 288, லப்டொப்பில டிடிஆர்3க்கு 204, டிடிஆர்4க்கு 260, டிடிஆர்5க்கு 262. டிடிஆர்2 டெஸ்க்டொப்பும் டிடிஆர்3 போலவே 240 பின்தான், ஆனா நடுவில வெட்டி இருக்கிற பள்ளம் வேற இடத்தில, அதே மாதிரி டிடிஆர்4, டிடிஆர்5 பள்ளமும் வேற. அந்தப் பள்ளம் வைச்சதே நீங்கள் பிழையானதைப் பூட்டாமல் இருக்கத்தான், நேராப் போகேல்லை எண்டால் பெலத்தைக் காட்டாதேங்கோ.

வோல்ட்டேஜில ஆக்கள் மாட்டுப்படுறது டிடிஆர்3இலதான். சாதாரண டிடிஆர்3 1.5 வோல்ட், டிடிஆர்3எல் 1.35 வோல்ட். எல் போட்டது ரெண்டு வோல்ட்டிலயும் ஓடும், எல் இல்லாதது 1.5இல மட்டும்தான். இன்டெல் புரொசசரில 3ஆம் தலைமுறை (இது ராமின்ர தலைமுறை இல்லை) ஐ3, ஐ5 வரைக்கும் டெஸ்க்டொப்பில இது ஒரு பிரச்சினை இல்லை, எல் போட்டதும் போடாததும் கலந்து போடுங்கோ, எல்லாம் 1.5இல ஓடும். ஆனா 4ஆம் தலைமுறைக்குப் பிறகு வந்த லப்டொப் கனக்க 1.35 மட்டும்தான் குடுக்கும், அதுக்க எல் இல்லாத ஸ்டிக்கைப் பூட்டினால் திரை கறுப்பாவே நிக்கும், ஸ்டிக் பழுதாக்கும் எண்டு நினைச்சுத் திருப்பிக் குடுப்பீங்கள். அதால லப்டொப்புக்கு டிடிஆர்3 வாங்குறீங்கள் எண்டால் எல் போட்டதையே கேட்டு வாங்குங்கோ, எதுக்க போட்டாலும் வில்லங்கம் இல்லை.

மதர்போட்டின்ர எல்லையும் அப்பிடித்தான். எச்61 எண்ட பழைய இன்டெல் மதர்போட்டுகள் எங்கட பக்கம் இன்னும் கனக்க ஓடுது, ரெண்டு ஸ்லொட், ஒரு ஸ்லொட்டுக்கு 8 ஜிபி, மொத்தம் 16. அதுக்கு முந்தின ஜி41 டிடிஆர்3 போட் எண்டால் இன்னும் அருக்காணி, மொத்தமே 8 ஜிபிதான், அதிலயும் 4 ஜிபி ஸ்டிக் எண்டால் ரெண்டு பக்கமும் எட்டெட்டா 16 சிப் உள்ளதுதான் எடுக்கும், ஒரு பக்கம் மட்டும் 8 சிப் உள்ள புதுமாதிரி 4 ஜிபியைப் போட்டால் எழும்பாது. போட்டின்ர மொடல் நம்பர் போட்டிலயே பெரிசா அச்சடிச்சிருக்கும், அதைக் கூகிளில அடிச்சால் எவ்வளவு எடுக்கும் எண்டு வரும்.

இணையத்தில சரியான மலிவா விக்கிற ரெண்டு சாதியில கவனமா இருங்கோ. ஒண்டு "ஏஎம்டிக்கு மட்டும்" (இன்டெல் மாதிரி இன்னொரு புரொசசர் கொம்பனி) எண்ட டெஸ்க்டொப் டிடிஆர்3, அது இன்டெல் போட்டில ஓடாது, விக்கிறவை அந்த வரியைச் சின்னனாத்தான் போடுவினம். மற்றது சேர்வரில கழட்டின ராம். அது ஸ்லொட்டுக்க வடிவா இறங்கும், ஆனா வீட்டு மெசின் எழும்பாது. கண்டுபிடிக்கிறது லேசு, சாதாரண ஸ்டிக்கில ஒரு பக்கத்தில 8 சிப், சில நேரம் 4. 9 சிப் இருந்து நடுவில வேற ஒரு சின்னச் சிப்பும் இருந்தால் அது சேர்வர் சாமான், வைச்சிட்டு வாங்கோ.

கனடா, லண்டனில இருந்து சொந்தக்காரர் வரேக்க "ஒரு ராம் வாங்கிக்கொண்டு வாங்கோ மாமா" எண்டு மட்டும் சொல்லாதேங்கோ. அவை அங்க நல்ல விலை குடுத்து டிடிஆர்5 வாங்கிக்கொண்டு வந்து இறங்குவினம், அதை வைச்சு நீங்கள் என்ன செய்யப் போறீங்கள். ஸ்டிக்கர் படத்தை வட்சப்பில அனுப்பி இதே பிசி3எல், இதே கட்டைச் ஸ்டிக், 8 ஜிபி, ஸ்பீட் எதா இருந்தாலும் காரியமில்லை எண்டு எழுதிவிடுங்கோ.

ஸ்பீட் ஏன் காரியமில்லை எண்டால், ரெண்டு வேகத்தில ரெண்டு ஸ்டிக் போட்டால் மெசின் ரெண்டையும் குறைஞ்ச வேகத்துக்குக் கொண்டுவந்து ஓட்டும். சோடி மாட்டில ஒண்டு ஆறுதலா நடந்தால் மற்றதும் அதோடதானே நடக்கோணும். 1333ம் 1600ம் போட்டால் ரெண்டும் 1333இல ஓடும். அதுக்கு மேல புரொசசரின்ர எல்லையும் கிடக்கு, 2ஆம் தலைமுறை இன்டெல் அநேகமா 1333க்கு மேல போகாது, 6ஆம் தலைமுறைக்கு டிடிஆர்4 2133, 7ஆம் தலைமுறைக்கு 2400. அதால 6ஆம் தலைமுறை மெசினுக்கு 3200 ஸ்டிக் கிடைச்சால் வாங்குங்கோ, அது 2133இல அமைதியா ஓடும், ஆனா 3200 எண்டதுக்காக ஒரு ரூபாவும் கூடக் குடுக்காதேங்கோ.

வேகம் குறைஞ்சால் நட்டம் இல்லையோ எண்டு கேப்பீங்கள். 1600 ஸ்டிக்குக்கு சிஎல் 11, 1333க்கு சிஎல் 9 எண்டு ஒரு தாமதக் கணக்கு இருக்கு, அதை நேரமா மாத்திப் பாத்தால் ரெண்டுக்கும் கிட்டத்தட்ட 13.5 நானோ செக்கன்தான் வரும். ராம் காணாமல் விண்டோஸ் ஹாட் டிஸ்க்கில எழுதி எழுதி எடுக்கிறது மில்லி செக்கன் கணக்கு. எது பெரிய நட்டம் எண்டு நீங்களே பாருங்கோ. ஃபைல் அடிக்கிறது, வகுப்புப் பாக்கிறது, கணக்கு எழுதுறது எண்டால் உந்த 1333, 1600 வித்தியாசம் உங்களுக்குத் தெரியவே தெரியாது.

டூவல் சனல் வேற கதை, அதுக்குக் கொஞ்சம் கவனம் வேணும். மதர்போட்டில இருந்து ராமுக்கு ரெண்டு பாதை போகுது, ஏ எண்டும் பி எண்டும். ரெண்டு பாதையிலயும் ஸ்டிக் இருந்தால் ரெண்டிலயும் ஒரே நேரத்தில டேட்டா ஓடும், 1600 எண்டால் ஒரு பாதையில செக்கனுக்கு 12.8 ஜிபி, ரெண்டிலயும் 25.6. சைஸ் சமமா இல்லாட்டி டூவல் சனல் வராது எண்டு சொல்லுறது பிழை. இன்டெல் மெசினில 4ம் 8ம் போட்டால் 4க்கு 4 சோடி சேந்து அந்த 8 ஜிபியும் டூவலில ஓடும், மிச்சம் கிடக்கிற 4 மட்டும் ஒத்தைப் பாதையில ஓடும். இதுக்கு ஃபிளெக்ஸ் மோட் எண்டு பேர். 12 ஜிபியும் முழுசாக் கிடைக்கும், ஒண்டும் வீணாப் போகாது.

நாலு ஸ்லொட் உள்ள போட்டில ரெண்டு 4 ஜிபியும் ரெண்டு 2 ஜிபியும் கிடக்கெண்டு வையுங்கோ. ரெண்டு 4ஐயும் ஏ பக்கமும் ரெண்டு 2ஐயும் பி பக்கமும் போட்டால் 8க்கு 4, அரைகுறை. ஏ பக்கம் ஒரு 4 ஒரு 2, பி பக்கம் ஒரு 4 ஒரு 2 எண்டு போட்டால் 6க்கு 6, பன்ரெண்டும் டூவல். ரெண்டு பக்கக் கூட்டுத்தொகையும் சமமா வாறமாதிரிப் போட்டால் காணும். ஸ்லொட்டுக்குப் பக்கத்தில ஏ1, ஏ2, பி1, பி2 எண்டு அச்சடிச்சிருக்கும், நிறத்தை நம்பாமல் அந்த எழுத்தை வாசியுங்கோ. ரெண்டே ரெண்டு ஸ்டிக் எண்டால் இப்பத்தைய போட்டுகளில புரொசசரில இருந்து ரெண்டாவது, நாலாவது, அதாவது ஏ2, பி2.

மெசினில தனிக் கிறஃபிக்ஸ் காட் இல்லை எண்டால் இந்த டூவல் சனல் நல்லாத் தெரியும், ஏனெண்டால் உள்ள இருக்கிற கிறஃபிக்ஸ் ராமைத்தான் தன்ர மெமரியாவும் பாவிக்குது. ஸ்டூடியோப் பெடியள் கலியாண வீடியோ எடிட் பண்ணுறவை ஒத்தை 8இல கிடக்காமல் ரெண்டு பாதையையும் நிரப்புங்கோ.

செக்கண்ட் ஹாண்ட் வாங்கேக்க கடையிலயே பூட்டி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கோ, ரெண்டு கிழமையாவது திருப்பிக் குடுக்கலாம் எண்டு கதைச்சுக்கொள்ளுங்கோ. அதுக்காகப் புதுக்குடியிருப்பில இருந்தோ மல்லாவியில இருந்தோ சிபியுவை மோட்டச்சைக்கிளில கட்டிக்கொண்டு கிளிநொச்சிக்கு ஓடாதேங்கோ, கிறவல் ரோட்டுக் குலுக்கத்தில ஹாட் டிஸ்க் போறதுக்குத்தான் வழி. பழைய ஸ்டிக்கை மட்டும் கழட்டிக்கொண்டு போனால் காணும், லப்டொப் எண்டால் லப்டொப்போட போங்கோ. ஸ்டிக்கைச் சொப்பிங் பாக்கில போடாதேங்கோ, அதில ஸ்டற்றிக் கறண்ட் ஏறும். ஹாட் டிஸ்க், மதர்போட் வாங்கேக்க வாற சாம்பல் நிறப் பை ஒண்டை எடுத்து வைச்சிருங்கோ.

பூட்டுற வேலை பத்து நிமிசம்தான். பிளக்கைக் கழட்டுங்கோ, லப்டொப் எண்டால் சார்ஜரைக் கழட்டி பட்டறியையும் கழட்டுங்கோ, உள்ள இருக்கிற பட்டறி எண்டால் அதின்ர கனெக்டரை இழுத்து விடுங்கோ, பிறகு பவர் பட்டனைப் பத்துப் பதினைஞ்சு செக்கன் அமத்திப் பிடிச்சு மிச்சக் கறண்டைப் போக்குங்கோ. கேசிங்கின்ர பெயின்ட் அடிக்காத தகரத்தில ஒருக்கா கை வைச்சிட்டுத்தான் ஸ்டிக்கைத் தொடோணும், பிடிக்கேக்க ஓரத்தில பிடிக்கோணும், பொன்நிறப் பல்லில விரல் படக்கூடாது. எங்கட பக்கத்துச் செம்மண் தூசி எல்லா இடமும் பூந்திருக்கும், எறும்பு, பல்லி முட்டை எல்லாம் கிடக்கும், ஒரு பழைய பெயின்ட் பிறஷ்ஷால ஸ்லொட்டைத் தட்டி எடுங்கோ, வாயால ஊதாதேங்கோ எச்சில் ஈரம் போகும். பழைய ஸ்டிக்கின்ர பல் கறுத்திருந்தால் பிள்ளையின்ர வெள்ளை அழிறப்பரால மெதுவா உரஞ்சி, தூளைத் துடைச்சிட்டுப் போடுங்கோ.

டெஸ்க்டொப் ஸ்டிக்கை நேராக் குத்தென இறக்கி ரெண்டு முனையிலயும் சமனா அமத்தினால் கொழுவி டக்கெண்டு பூட்டும், சில போட்டில ஒரு பக்கம்தான் கொழுவி. லப்டொப்பில சரிவாச் செருகி, பல் மறையிற அளவுக்கு உள்ள போனாப் பிறகு கீழ அமத்தோணும்.

முதல் தரம் ஒன் பண்ணேக்க உடன படம் வராட்டிப் பதறாதேங்கோ. புது ராமைக் கண்டால் போட் அதுக்கேத்த கணக்குகளைப் பாக்கும், டிடிஆர்5 எண்டால் அது சில நிமிசமும் எடுக்கும். டெல் ஒப்டிபிளெக்ஸ் மாதிரியானதுகள் மெமரி அளவு மாறிப்போச்சு எண்டு இங்கிலிசில ஒரு எச்சரிக்கை காட்டி நிக்கும், அது பழுது இல்லை, எஃப்1ஐத் தட்டினால் போகும். பயோஸில (விண்டோஸுக்கு முதல் வாற போட்டின்ர செட்டிங்) எக்ஸ்எம்பி (ராமை வேகமா ஓட்டுற செட்டிங்) ஒன் பண்ணிக் கிடந்தால் ஓஃப் பண்ணுங்கோ, கலப்பு ராமில அது ஒரு ஸ்டிக்கின்ர வேகத்தை மற்றதிலயும் திணிக்கப் பாக்கும், தொங்கித் தொங்கி ரீஸ்டார்ட் ஆகிறதுக்கு அநேகமா அதுதான் காரணம்.

விண்டோஸ் எழும்பினால் வேலை முடிஞ்சுது எண்டு மூடி ஸ்குறூ பூட்டாதேங்கோ, சோதிக்கோணும். ஸ்டார்ட்டில விண்டோஸ் மெமரி டயக்னொஸ்டிக் எண்டு தேடினால் ஒண்டு வரும், அது மேலோட்டமானது. நல்லது மெம்டெஸ்ட்86 பிளஸ், சும்மா கிடைக்குது, பென் டிறைவில போட்டு அதில இருந்து எழுப்பி ஒரு முழுச் சுற்றாவது ஓட விடுங்கோ, இரவு போட்டிட்டுப் படுக்கலாம், ஆனா ஐப்பசி, கார்த்திகை இடி மின்னல் காலத்தில பகல்ல பக்கத்தில இருந்து பாக்கிறதுதான் நல்லம். ஒரு சிவப்பு வரி வந்தாலும் விடாதேங்கோ, ஒண்டுதானே எண்டு கடைக்காரர் சொல்லுவார், அந்த ஒண்டுதான் பிறகு பிள்ளையின்ர புறஜெக்ட் ஃபைலை உடைக்கிறது.

சிவப்பு வந்தால், அல்லது படமே வராமல் பீப் பீப் எண்டு கத்தினால், ஒவ்வொரு ஸ்டிக்கா தனித்தனியப் போட்டுப் பாருங்கோ. புதுசு தனிய ஒரே ஸ்லொட்டில ஓடி, பழசும் தனிய அதே ஸ்லொட்டில ஓடி, சேர்ந்தால் மட்டும் கத்துதெண்டால் மற்ற ஸ்லொட்டில குறை இருக்கலாம், ஓடுற ஸ்டிக்கை அதில போட்டுப் பாருங்கோ. அதுவும் சரியெண்டால் ரெண்டையும் இடம் மாத்திப் போடுங்கோ, போட்டில இருக்கிற காசுமாதிரிச் சின்னப் பட்டறியை ஒரு அஞ்சு நிமிசம் கழட்டி வைச்சுப் பயோஸை ரீசெட் பண்ணிப் பாருங்கோ. பயோஸில வேகத்தை ஒரு படி குறைச்சு, 1600ஐ 1333க்கு விட்டால் அடங்கிற சோடியும் இருக்கு. இவ்வளவும் செய்தும் சண்டை எண்டால் அந்த ரெண்டும் சேராது, புதுசைத் திருப்பிக் குடுத்து வேற கொம்பனி ஒண்டை மாத்துங்கோ, கடைக்குப் போகேக்க மெம்டெஸ்ட் திரையைப் படமெடுத்துக்கொண்டு போனால் கதை கெதியா முடியும்.

8 ஜிபி போட்டும் டாஸ்க் மனேஜரில பாதிதான் பாவிக்கலாம் எண்டு காட்டினால், 64 பிட்டுத்தானோ எண்டு ஒருக்கா பாத்திட்டு, சிஸ்டம் கொன்ஃபிகரேஷனைத் திறந்து பூட், அட்வான்ஸ்டு ஒப்ஷன்ஸில "மக்ஸிமம் மெமரி" எண்டதில சரி போட்டிருந்தால் அதை எடுத்து விட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்கோ. அதுவும் இல்லை எண்டால் ஸ்டிக் வடிவா இறங்கேல்லை, திருப்பிக் கழட்டிப் பூட்டுங்கோ.